பின்வாசல் சம்பந்தம்

"ஒரே ஒரு மணி நேரம் முன்கதவைத் திறந்து வச்சா அந்தக் குருவிக்கு என்னா கொறைஞ்சுடும்?" என்று கேட்டாள் தனம்.

கையில் கடலை மாவு கரைத்த பாத்திரம் இருந்தது. அதை ஆதிமூலத்தின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டதால், பதில் சரியில்லை என்றால் தலையில் கவிழ்த்துவிடுவாள் போலிருந்தது.

"கூட்டுல குஞ்சுங்க இருக்கே, தனம்" என்றார் ஆதிமூலம்.

"நம்ம வீட்லயும் ஒரு குஞ்சு இருக்கு. கழுதை வயசாவுது. அதைப் பார்க்கத்தான் இப்ப வேலூர்லேருந்து ஆளுங்க வராங்க. அவங்களை மாட்டுக் கொட்டா வழியா உள்ள கூட்டிட்டு வரப் போறீங்களா?"

ஆதிமூலம் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அவரிடம் இருந்த யோசனையும் அதுதான்.

வேங்கிக்காலில் அப்போது வீடுகள் கம்மி. வீட்டுக் கடன் வாங்கி, ஓடி ஆடி, எப்படியோ ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார் ஆதிமூலம். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கிரகப்பிரவேசத்துக்கு முன்வாசலில் கட்டிய மாவிலைத் தோரணத்தை அவிழ்த்துப் போடச் சொல்லி தனம் பல தடவை சொன்னாள். இன்றைக்கு, நாளைக்கு என்று இவர் தள்ளிப்போட்டார். இலை காய்ந்து சுருண்டு, கயிறு மட்டும் தொங்கியபோது, இந்த இடத்தைத் தனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தேன்சிட்டு முடிவு செய்துவிட்டது. நாரும் சிலந்தி வலையும் காகிதத் துணுக்குமாகச் சேர்த்து, ஓட்டைக் காலுறை ஒன்று தொங்குவது போல் ஒரு கூட்டைக் கட்டியது. சரியாக இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில், உள்ளே வருகிறவன் நெற்றியில் இடிக்கும் உயரத்தில்.

அவர் மகள் வேதா வேலூர்க் கல்லூரி ஒன்றில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். கூட்டைப் பார்த்த அன்றே முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

"குஞ்சு பறக்கற வரைக்கும் எல்லாரும் பின்பக்கமாத்தான் போகணும் வரணும். ஆள் நடமாட்டம் இருந்தா தாய்க்குருவி கூட்டை விட்டுட்டுப் போயிடும்."

முதலில் ஆதிமூலம் முணுமுணுத்தார். சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போவது என்ன மரியாதை என்று கேட்டார். பிறகு ஒரு நாள், காலைக் காப்பியோடு கூடத்து ஜன்னல் ஓரம் தற்செயலாக உட்கார்ந்தார். பெண் குருவி மங்கலான மஞ்சள் நிறம், விரல் நீளம்தான் இருக்கும். செம்பருத்திக்கும் கூட்டுக்குமாகப் பறந்துகொண்டே இருந்தது. ஆண் குருவி, நீல மசியில் முக்கி எடுத்து வெயிலில் காயப்போட்டது போல் மின்னிக்கொண்டு, கரண்டு கம்பியில் உட்கார்ந்து பாடியது.

"பொம்பளை உழைக்குது, ஆம்பளை பாடுது" என்றாள் தனம் பின்னாலிருந்து. "நல்ல வீடாப் பார்த்துத்தான் வந்திருக்கு."

அன்றிலிருந்து ஜன்னல் ஓர நாற்காலி அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. முருங்கை மரத்துக் கொண்டைக்குருவி எப்போது சண்டை போடும், வேலி ஓணான் எந்தக் கல்லில் வெயில் காயும், கீரிப்பிள்ளை எந்தச் சந்தில் புகுந்து எங்கே வெளிவரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆயிற்று. அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய், கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னார். பௌர்ணமி அல்லாத நாட்களிலும் சொன்னார்.

இந்த நிலையில்தான் தரகர் மூர்த்தி வந்தார்.

"வேலூர் பார்ட்டி. பையனுக்குக் கவர்மெண்ட் வேலை. கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கெழமை வராங்க. ஜாஸ்தி பேர் இல்ல, மூணு நாலு பேர்தான்."

"அடுத்த மாசம் வச்சுக்கலாம்பா" என்றாள் வேதா. "அதுக்குள்ள குஞ்சு பறந்துடும்."

"குருவிக்காக மாப்பிள்ளை வீட்டைத் தள்ளிப் போட்டாங்கன்னு ஊர் சிரிக்கும்" என்றார் ஆதிமூலம். மூர்த்தி முன்னால் வேறென்ன சொல்வது? வேதா உள்ளே போய்விட்டாள். மறுபடி அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தங்கமான பெண் என்று நினைத்துக்கொண்டார்.

இதோ, ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

"முன்கதவைத் திறக்க வேணாம்" என்றார் ஆதிமூலம் கடைசியாக. "பின்வழியையே முன்வழி மாதிரி பண்ணிடறேன், பாரு."

பின்வழி என்பது வெளிக்கேட்டில் தொடங்கி, வீட்டின் பக்கவாட்டில் வந்து, குளியலறைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைத் தாண்டி, துவைக்கிற கல்லைச் சுற்றி, பக்கத்து வீட்டுப் பொன்னியின் எருமைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, சமையலறையில் முடியும். இடையில் மதில் கட்டப் பணம் போதவில்லை. அதனால் எருமை தனக்கு இரண்டு வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தது.

முதலில் சேற்றின் மேல் மணல் கொட்டினார். வெயிலில் கிடந்த நல்ல ஆற்று மணல். அதைப் பார்த்ததும் பொன்னியின் கோழிகள் அத்தனையும் வந்து இறங்கி, புரண்டு, கிளறி, மணலைச் சேற்றுக்கு அடியிலும் சேற்றை மணலுக்கு மேலும் கொண்டுவந்தன.

தனத்தைக் கூப்பிட்டுப் பின்வாசலில் பெரிய கோலம் போடச் சொன்னார். அரிசி மாவுக் கோலம். கோழிகள் மணலை விட்டுவிட்டுக் கோலத்துக்கு வந்தன. மிச்சம் இருந்ததை அணில்கள் முடித்தன.

சேற்றின் மேல் ஒரு பலகை போட்டார். வீடு கட்டும்போது சாரத்துக்கு வாங்கிய பலகை. ஒரு முனையில் கால் வைத்தால் மறு முனை எழுந்து வணக்கம் சொல்லியது. அடியில் செங்கல் வைத்ததும் அந்த மரியாதை நின்று, பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது.

"கேட்டாண்ட வந்து நின்னதும் கூடுதான் கண்ணுல படும்" என்றாள் தனம். "காஞ்ச தோரணம் தொங்குது, கதவு சாத்திக் கெடக்குது. நல்ல காரியத்துக்கு வரவங்க என்னா நினைப்பாங்க?"

அதுவும் நியாயம்தான். ஆதிமூலம் யோசித்தார். பெட்டியைத் திறந்து, சலவை செய்த எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து, முன்வாசலின் மேலே இரண்டு ஆணியில் திரை போலக் கட்டித் தொங்கவிட்டார். கூடு மறைந்தது. வாசல் வெள்ளை வெளேர் என்று சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்காகத் தெருமுனைச் சைக்கிள் கடையிலிருந்து நாலு நாற்காலியும் ஒரு பெஞ்சும் வாடகைக்கு எடுத்துவந்து, உள்ளே கொண்டுபோகும் முன் மூச்சு வாங்க வாசலிலேயே போட்டுவைத்தார்.

சாத்திய கதவு. வெள்ளைத் துணி. வாசலில் பெஞ்சு.

சாணி அள்ள வந்த பொன்னி இதைப் பார்த்தாள். கூடையைப் போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள்.

"ஐயோ அண்ணே! அக்காவுக்கு இன்னா ஆச்சு? நேத்துகூட மோர் வாங்கினு போச்சே! என்னை விட்டுப் போயிட்டியே அக்கா!"

பஜ்ஜிக் கரண்டியோடு தனம் ஓடி வந்தாள். "எனக்கு என்னாடி ஆச்சு?"

பொன்னி அழுகையை நிறுத்த முடியாமல், ஆனால் ஆச்சரியத்தையும் அடக்க முடியாமல், இரண்டுக்கும் நடுவில் விக்கினாள். "அப்ப யாருக்குக்கா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. துணி காயப் போட்டிருக்காரு. போடி!"

ஆனால் பொன்னியின் குரல் அதற்குள் அவளை விட்டுவிட்டு நாலு தெருவுக்குப் போயிருந்தது. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டில் நின்றார்கள். ஒருவர் ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் அண்ணாமலையார் விட்ட வழி" என்றார். இன்னொருவர் கையில் ரோஜா மாலையே இருந்தது.

இதற்கு நடுவில்தான் ஆதிமூலம் அதைக் கவனித்தார். பெண் குருவி வாயில் ஒரு சின்னச் சிலந்தியைக் கவ்விக்கொண்டு வேட்டியின் முன்னால் பறந்துகொண்டிருந்தது. மேலே போயிற்று, கீழே வந்தது. செம்பருத்திக்கு ஓடிப்போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் வந்தது. வேட்டிக்குப் பின்னாலிருந்து 'ச்வீ ச்வீ' என்று மெல்லிய சத்தம் கேட்டது.

மாலைக்காரரை ஒதுக்கிவிட்டு ஓடி, பெஞ்சின் மேல் ஏறி, வேட்டியைச் சர்ரென்று உருவினார். ஒரு ஓரம் கிழிந்தது. குருவி அவர் காதோரமாகப் பறந்து கூட்டுக்குள் தலையை நுழைத்தது. அவர் பெஞ்சின் மேலேயே மூச்சுவிடாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாடகைக் கார் ஒன்று தெருவில் திரும்பியது. கேட்டில் கூட்டத்தைக் கண்டு தயங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அடிக்காதேப்பா, சத்தம் போடாதே!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

என்ன பண்பான மனிதர்கள் என்று ஆதிமூலம் நினைத்தார். பெஞ்சிலிருந்து குதித்து, துக்கத்துக்கு வந்தவர்களை எல்லாம், "சும்மா, சும்மாதாங்க, அப்புறம் வாங்க" என்று தள்ளாத குறையாக அனுப்பினார். மாலைக்காரர் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். கண்ணாடி போட்ட, நரை விழுந்த ஒருவர். எளிமையான நூல் புடவையில் அவர் மனைவி. தோளில் தோல் பை மாட்டிய ஒரு வாலிபன். தரகர் மூர்த்தியைக் காணோம். எந்தக் காரியத்துக்குத்தான் அவர் நேரத்தில் வந்திருக்கிறார்?

"நாங்க வேலூர்லேருந்து..." என்று தொடங்கினார் பெரியவர்.

"தெரியுங்க, தெரியுங்க! வாங்க, வாங்க!" என்றார் ஆதிமூலம் கையில் மாலையோடு. மூன்று பேரும் மாலையைப் பார்த்தார்கள். "சாமி படத்துக்கு" என்றார் அவசரமாக.

பெரியவர் கேட்டருகே நின்று முன்வாசலையே பார்த்தார். "கதவைச் சாத்தி வச்சிருக்கீங்க போல. ரொம்ப நல்லதுங்க."

"ஆமாங்க. வழி பின்பக்கம். வந்து... அதுல ஒரு காரணம் இருக்கு."

"இருக்கத்தானே செய்யும்" என்றார் பெரியவர்.

ஆதிமூலத்துக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாரம் பலகையருகே காத்திருந்தது. "பார்த்து வாங்க" என்று அவர் சொல்லி முடிக்கும் முன் பலகை தன் வேலையைக் காட்டிவிட்டது. பெரியவரின் வலது கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் போயிற்று. வாலிபன் அவரைத் தூக்கிவிட்டு, காலைத் துவைக்கிற கல்லில் வைத்துக் கழுவினான். அதுவரை பொறுமையாக இருந்த எருமை வாலைச் சுழற்றி, அந்த அம்மாளின் புடவையில் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டது.

"பரவால்லீங்க, பரவால்லீங்க" என்றார்கள் மூன்று பேரும். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை.

கூடத்தில் உட்கார வைத்ததும் கேசரியும் பஜ்ஜியும் வந்தன.

"எதுக்குங்க இவ்ளோ சிரமம்?" என்றார் பெரியவர் திகைத்துப் போய். "நாங்க சாப்பிட வரல. தூர நின்னு அமைதியா பார்த்துட்டுக் கெளம்பிடலாம்னுதான் வந்தோம்."

"சாப்பிட்டாத்தான் பார்க்க விடுவோம்" என்றாள் தனம். எல்லோரும் சிரித்தார்கள்.

வேதா காப்பித் தட்டோடு வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்கும் பெண்ணுக்குக் கை நடுங்க வேண்டும், தட்டில் காப்பி சிந்த வேண்டும். தனத்துக்கு அந்தக் காலத்தில் டம்ளரே கவிழ்ந்தது. வேதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. குனிந்து வணக்கம் சொன்னாள்.

"நல்லாருக்கியா வேதா?" என்றாள் அந்த அம்மாள்.

பெயரைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டார்களே என்று தனத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

"ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு. படிப்புல ஒரு கொறை சொல்ல முடியாது" என்றார் பெரியவர் ஆதிமூலத்திடம்.

எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆதிமூலம் பெருமையோடு தலையாட்டினார். இதற்கு மேல் பெண் கூடத்தில் நிற்கக் கூடாது என்று தனம் வேதாவைத் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினாள். போகும்போது வேதா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்த வாலிபன் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"தம்பிக்குக் கவர்மெண்ட் உத்தியோகம்தானே?"

"ஆமாங்க. என் கூடப்பிறந்த தம்பி. ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்ல இருக்கான்" என்றார் பெரியவர்.

ஆதிமூலம் தொண்டையைக் கனைத்தார். இந்த இடத்தில்தான் அவருக்கு எப்போதும் பயம். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் இந்த இடத்தில்தான் முறிந்தன.

"நாங்க ஜாஸ்தி வசதி உள்ளவங்க இல்லீங்க. வீடே கடன்லதான் நிக்குது. உங்க பக்கம் என்னா எதிர்பார்க்கறீங்கனு வெளிப்படையா சொல்லிட்டா..."

பெரியவர் பதறிப் போனார். "ஐயய்யோ, நாங்க ஒண்ணும் எதிர்பார்த்து வரலீங்க! கண்ணால பார்க்கக் கெடைச்சா அதுவே போதும். இதுக்குப் போய் யாராவது காசு கேப்பாங்களா? நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. தனம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படியும் ஒரு சம்பந்தம் இந்தக் காலத்தில் இருக்கிறதா?

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப... பார்க்கலாமா?"

"இப்பத்தானே பார்த்தீங்க? மறுபடியும் கூப்பிடட்டுமா?"

"இல்லீங்க. முன்பக்கமா..." என்று கதவைக் காட்டினார்.

ஆதிமூலத்தின் மனம் திக்கென்றது. முன்வாசல் வழியாக ஏன் கூட்டிவரவில்லை என்று இப்போதுதான் கேட்கிறார்கள். நல்ல மனிதர்கள், வந்தவுடன் கேட்காமல் சாப்பிட்ட பிறகு கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

"முன்பக்கம் அங்க ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுமே இல்லையா?" என்றாள் அந்த அம்மாள். முகம் வாடிவிட்டது. பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள்.

வாசலில் பார்த்த கூட்டமும் மாலையும் இவர்கள் மனதில் இருக்கின்றன, வீட்டில் ஏதோ கெட்டது நடந்ததை மறைக்கிறோம் என்று நினைக்கிறார்கள் என்று ஆதிமூலம் முடிவு செய்தார். உடனே ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

"கதவுக் கீல் துருப்பிடிச்சுப் போச்சுங்க, திறக்கவே வராது" என்றார்.

"இந்த மாசம் முன்வாசல்ல நடக்கக் கூடாதுனு ஜோசியர் சொல்லிட்டாருங்க" என்று சமையலறையிலிருந்து அதே நேரத்தில் தனத்தின் குரல் வந்தது.

பெரியவர் கூடத்தைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார். போன மாதம்தான் எண்ணெய் போட்ட புதுக் கீல், ஜன்னல் வெளிச்சத்தில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. வெளியே கோழி ஒன்று கொக்கரித்தது.

"அப்ப நாங்க கெளம்பறோம்" என்று பெரியவர் எழுந்தார். "குடுத்து வைக்கல. அதனால என்ன?"

தனத்துக்கு உயிரே போயிற்று. வந்த வரன், ஒன்றும் கேட்காத வரன், சேற்றில் விழுந்தும் கோபப்படாத வரன், ஒரு குருவிக்கூட்டால் எழுந்து போகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வேகமாகக் கூடத்துக்கு வந்தாள்.

"உக்காருங்க! இதோ திறக்கறேன். இந்த வழியாவே நீங்க மறுபடியும் மொறையா உள்ள வாங்க!"

தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள்.

ஆதிமூலம் எப்படி எழுந்தார், எப்படி அவ்வளவு தூரம் தாவினார் என்று அவருக்கே தெரியாது. கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார்.

"திறக்காதே தனம்!"

"தள்ளுங்க! உங்க பொண்ணு வாழ்க்கைங்க!"

"தெரியும்." வந்தவர்களைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சுக்குங்க. கீலும் இல்ல, ஜோசியரும் இல்ல. வெளியே தோரணத்துல ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு. உள்ள குஞ்சு இருக்கு. அதுங்க அம்மா காலையிலேருந்து பூச்சி கொண்டாந்து குடுத்துட்டே இருக்கு. காலைல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன், கொஞ்ச நேரம் அது உள்ள போக முடியாம தவிச்சுது. அதைப் பார்த்ததுக்கு அப்புறம் என்னால முடியாதுங்க. எனக்கு என் பொண்ணு கல்யாணம்தான் பெருசு. ஆனா அதுக்காக இந்தக் கதவைத் திறக்க மாட்டேன். இவனென்ன பைத்தியமானு நினைச்சீங்கன்னா நினைச்சுக்குங்க. பின்பக்கமாவே போயிட்டு வாங்க."

சமையலறை நிலையில் வேதா நின்றிருந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. அப்பாவை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்தாள்.

பெரியவர் மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். அவர் முகம் முழுக்க விளக்கு ஏற்றியது போலிருந்தது.

"இருக்கா? அப்ப இருக்கா?" என்றார். "இதைத்தானேங்க நாங்க கேட்டோம்! ஒண்ணும் இல்லேனுட்டீங்க, கூடு காலியாயிடுச்சுன்னுல்ல நினைச்சோம்!"

வாலிபன் அதற்குள் ஜன்னல் ஓரம் போய்விட்டான். தோல் பையைத் திறந்தான். உள்ளே பைனாகுலர் இருந்தது. தான் பார்க்கும் முன் அதை ஆதிமூலத்தின் கையில் கொடுத்தான்.

"முதல்ல நீங்க பாருங்க சார். இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்புங்க."

ஆதிமூலம் திருப்பினார். முதலில் மங்கலாகச் செம்பருத்தி. பிறகு ஓரமாகக் கூடு. கூட்டின் வாயில் இரண்டு சின்ன அலகுகள், உள்ளே குங்குமம் கொட்டியது போல் சிவப்பு. பெண் குருவி வந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணைச் சுற்றியிருந்த கோடுகூடத் தெரிந்தது.

"தனம், இங்க வா" என்று கிசுகிசுத்தார்.

இத்தனை நாளும் கூட்டைத் திட்டிக்கொண்டே இருந்த தனம், பைனாகுலரை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, வேதா திருத்திக் கொடுக்க, பார்த்தாள்.

"அம்மாடி! எவ்ளோ பெரிய வாயி! ஏங்க, ஆம்பளைக் குருவியும் ஒரு புழுவைக் கொண்டாருதே! அதுவும் வேலை செய்யுதே!" கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய குறை ஒன்று பாதியாகக் குறைந்திருந்தது.

ஆறு தலைகள் ஒரு ஜன்னலில் நெருக்கியடித்து நின்றன. வேதாவும் அந்த வாலிபனும் மட்டும் ஓரமாக, உதடு அசைவது தெரியாமல் ஏதோ பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காலம் மாறிவிட்டது.

கிளம்பும்போது தனம் அந்த அம்மாளுக்குக் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் கொஞ்சம் ஆச்சரியத்தோடு, ஆனால் மனநிறைவோடு வாங்கிக்கொண்டாள்.

"எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார் பெரியவர். "இப்படி ஒரு வீடு கெடைக்கறது கஷ்டங்க. நீங்க ஒண்ணும் தப்பா நினைக்கலைன்னா அடுத்த வாரமே மறுபடியும் வரோம்."

"எப்ப வேணாலும் வாங்க! இனிமே இது உங்க வீடு" என்றார் ஆதிமூலம்.

பலகையைத் தாண்டும்போது வாலிபன் அண்ணனை ஒரு கையாலும் அண்ணியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டான். எருமைகூட ஒதுங்கி வழிவிட்டது போல் ஆதிமூலத்துக்குத் தோன்றியது. கார் தெருவைத் தாண்டும் வரைக்கும் சத்தமே இல்லாமல் உருண்டு, முனை திரும்பிய பிறகுதான் வேகம் எடுத்தது.

தனம் சமையலறையில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். ஆதிமூலம் ரோஜா மாலையை முருகன் படத்துக்குப் போட்டுவிட்டு ஜன்னல் ஓர நாற்காலிக்குத் திரும்பினார். கண் குருவியின் மேல் இருந்தாலும் மனம் மண்டபம் பிடிக்கப் போயிருந்தது. வேதா எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே டம்ளர்களைக் கழுவினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தரகர் மூர்த்தி வந்தார். சைக்கிளைக் கேட்டில் சாய்த்துவிட்டு, பின்பக்கமாக வந்து, பலகையில் கால் வைத்து, சேற்றிலும் வைத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"அடுத்த மாசம் எந்தத் தேதி தோதுப்படும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

"அடுத்த மாசமா? அதுக்குள்ளயா?" ஆதிமூலம் பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு எப்பனாலும் சரி மூர்த்தி! தங்கமான மனுஷங்க. நீ வாயைத் தெற மொதல்ல."

மூர்த்தி திறந்தார். ஆதிமூலம் ஒரு கரண்டி கேசரியை அதில் போட்டார்.

"தட்டுகூட வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த வாரமே மறுபடியும் வராங்களாம். முடிஞ்ச மாதிரிதான்!" என்றாள் தனம்.

சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மூர்த்தி கேசரியைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு சார் வந்தது? வேலூர் பார்ட்டிக்கு நான் நேத்தே ஆள் விட்டு நிறுத்திட்டேனே! உங்க பொண்ணுதான் எங்க வீட்டாண்ட வந்து, 'ஞாயித்துக்கெழமை எங்க காலேஜ் புரொபசரு அவரு தம்பியோட குருவிக்கூடு பார்க்க வராரு, பொண்ணு பார்க்கறவங்க அடுத்த மாசம் வந்தா போதும்னு அப்பா சொல்லச் சொன்னாரு'ன்னு சொல்லிட்டுப் போச்சு!"